மலைக்குப் பின்னால் ஒரு காற்றுத் துளை

டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் பச்சை ஸ்வெட்டர் தெரிகிறதே சார், அது என் மனைவி. சகாயராணி. இங்கே இடம் இருக்கிறது, வா என்றேன். முன்னால் உட்கார்ந்தால்தான் குமட்டாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முப்பத்தி நாலு வருஷமாக இந்த மலைப்பாதையில் ஏறி இறங்குகிறவள். ஒருநாளும் அவளுக்குக் குமட்டியதில்லை.

நீங்கள் எதுவரைக்கும்? மதுரையா? நல்லது. நாங்கள் வத்தலகுண்டில் இறங்கிவிடுவோம். அங்கே ஒரு கடையில் ஒரு காகிதம் கொடுக்க வேண்டும். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

நான் மதலைமுத்து. கொடைக்கானல் ஸ்கூலில் டிராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டயரானவன். ஊரில் பாதிப் பேருக்கு ஆப்பிள் வரையச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். உங்கள் முகத்தைப் பார்த்தால் நியாயம் தெரிந்தவர் மாதிரி இருக்கிறது. அதனால் கேட்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன், யார்மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் என்மேலும் இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை.

போன வருஷம் மழை முடிந்ததும் என் மகள் ஜெனிட்டா பெங்களூரிலிருந்து ஒரு கேஸ் கணப்பு வாங்கி அனுப்பினாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, விறகு எரித்துப் புகையில் கஷ்டப்படக் கூடாது என்று. பார்க்க அழகான சாமான் சார். கண்ணாடிக்குப் பின்னால் மரக்கட்டை மாதிரியே செய்து வைத்திருப்பார்கள், நடுவில் நெருப்பு எரியும். புகைபோக்கி கிடையாது. சிலிண்டரை வெளியே வைத்து, குழாய் மட்டும் உள்ளே வரும். மாட்டிக்கொடுக்க வத்தலகுண்டு கடையிலிருந்து ஒரு ஆள் வந்தார். ஜாபர் என்று பெயர். நாற்பது வயது இருக்கும். வந்ததும் டேப்பை எடுத்து ஹாலை அளந்தார். நீளம், அகலம், உயரம். கணப்பு மாட்ட உயரம் எதற்கு என்று கேட்டேன்.

"ரூம்ல எவ்வளவு காத்து இருக்குன்னு தெரியணும்ல சார். புகைபோக்கி இருந்தா கெட்ட காத்து அது வழியா வெளிய போயிரும். இதுல அது இல்ல. எரியிறதுக்கான காத்தையும் இந்த ரூம்லேருந்துதான் எடுக்கும், எரிஞ்ச காத்தையும் இந்த ரூமுக்குள்ளதான் விடும். நீங்களும் அம்மாவும் மூச்சு விடறதும் அதே காத்துதான்."

சுவரில் இரண்டு துளை போட்டார். தரையை ஒட்டி ஒன்று, கூரைக்குக் கீழே ஒன்று. இரண்டுக்கும் கம்பி வலை வைத்தார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் சார், எனக்கு வயிறு எரிந்தது. "டிசம்பர்ல இந்த ஓட்டை வழியா பனி உள்ள வரும். குளிருக்காகக் கணப்பு வாங்கிட்டுக் குளிரை உள்ள விடச் சொல்றீங்களே!" என்றேன்.

"கொஞ்சம் குளிர் வரட்டும் சார். இது ரெண்டையும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. ஜன்னலையும் ஒரு விரல் அளவுக்குத் திறந்து வையுங்க. அம்மா, உங்ககிட்டயும் சொல்றேன். தலை வலிச்சாலோ மயக்கமா வந்தாலோ முதல்ல வெளிய போயிருங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

சகாயம் தலையாட்டினாள். அவருக்கு டீ கொடுத்தாள், அவள் கையால் செய்த சாக்லேட்டும் ஒரு பொட்டலம் கட்டிக்கொடுத்தாள்.

இனிமேல்தான் விஷயம். நீங்கள் எங்கள் கோவில் ஆட்கள் இல்லை என்று நினைக்கிறேன், அதனால் குடிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்மஸுக்கு வீட்டில் மாட்டுக்கொட்டகை ஜோடித்து, சின்னச் சின்னச் சாமி சுரூபங்கள் வைத்து, பின்னால் மலை செய்து வைப்போம். எங்கள் பங்குக் கோவிலில் அதற்குப் போட்டி உண்டு. அன்பியம் என்று இருபது முப்பது வீடு சேர்ந்து ஒரு குழு; ஒவ்வொரு அன்பியத்திலும் வீடு வீடாக நடுவர்கள் வந்து பார்த்து மார்க் போடுவார்கள். அதுவரைக்கும் மூன்று வருஷமாக முதல் பரிசு ஆசீர்வாதத்துக்குத்தான். எதிர்வீட்டுக்காரர், பஸ் கண்டக்டராக இருந்தவர். மோட்டார் வைத்துத் தண்ணீர் ஓட விடுவார். அது கலையா சார்? அது பிளம்பிங். ஆனால் நடுவர்களுக்குத் தண்ணீர் ஓடினால் போதும். அதற்கு முந்தின வருஷம் என் குடிலைப் பார்க்க வந்த ஆசீர்வாதம், "சார், உங்க மலையில ஆடு ஏறினா மலையே சரிஞ்சிரும் போலிருக்கே" என்றார். நான் டிராயிங் மாஸ்டர். என்னைப் பார்த்து, என் வீட்டுக்குள் நின்றுகொண்டு, அந்த ஆள் சொல்கிறார்.

இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். மலையைப் பெரிதாகச் செய்தேன். சிமெண்டுப் பை தாளைக் கசக்கி, சாயம் பூசி, அடுக்கடுக்காக, ஆள் உயரத்துக்கு. அதற்குப் பின்னால் வானம். அது ஒரே துண்டு நீலத் துணி சார், கூரையிலிருந்து மலை உச்சி வரைக்கும். நட்சத்திரம் ஒவ்வொன்றையும் கையால் எழுதினேன். பன்னிரண்டு நாள் வேலை. பெத்லகேமில் அந்த மாதத்தில் எந்த நட்சத்திரம் எங்கே இருக்கும் என்று புத்தகம் பார்த்து வரைந்தேன். அதை எந்த நடுவரும் கவனிக்க மாட்டார், தெரியும். இருந்தாலும்.

மலையை எந்த மூலையில் வைப்பது? கணப்பு இருந்த பக்கத்து மூலையில்தான் வைத்தாக வேண்டும். ஏன் தெரியுமா? வயல். மலை அடிவாரத்தில் கேழ்வரகு விதைத்துப் பச்சைப் பசேல் என்று வளர்க்க வேண்டும். கீழே ஊர்களில் ஐந்து நாளில் விரல் உயரம் வந்துவிடும். எங்கள் ஊர்க் குளிரில் முளையே விடாது. அதனால்தான் கொடைக்கானலில் எல்லோரும் பச்சைத் தாளை வெட்டி ஒட்டுகிறார்கள். நான் நிஜப் பயிரே வளர்க்கிறேன் என்று கணப்புப் பக்கத்தில் தட்டுகளை வைத்தேன். பகல் பூராவும் கணப்பு எரிந்தது. நாலாம் நாள் முளை வந்தது சார்! ஊரில் ஒருத்தர் வீட்டிலும் கிடையாது.

அந்த மூலையில்தான் ஜாபர் போட்ட துளைகளும் இருந்தன. கீழ்த் துளை மலைக்குப் பின்னால் போய்விட்டது. மேல் துளை வானத்துக்குப் பின்னால். துணி ஆடிக்கொண்டே இருந்தது, அதனால் ஓரத்தைப் பசை வைத்துச் சுவரோடு ஒட்டினேன். ஜன்னல் வழியாக வந்த பனியில் மலைத் தாள் நமத்துப்போய் ஒரு பக்கம் தொங்க ஆரம்பித்தது. ஜன்னலையும் மூடி டேப் ஒட்டினேன். மூன்று வாரத்துக்குத்தானே? மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிடப் போகிறோம்.

சகாயத்துக்குத் தலைவலி வந்தது. முதலில் சாயங்காலம் மட்டும், பிறகு மத்தியானத்திலிருந்தே. "உள்ள உட்கார்ந்தா தலை பாரமா இருக்குங்க. வாசலுக்குப் போனா சரியாகிடுது" என்றாள். "ஆமா, பசை காய்ச்சுன்னு சொன்னா தலை வலிக்கும். வாசல்ல நின்னு பேசுன்னு சொன்னா எப்படி வலிக்கும்?" என்றேன். தமாஷாகத்தான் சொன்னேன். மாத்திரை வாங்கிக் கொடுத்தேன் சார். நானே போய் வாங்கினேன்.

கணப்பும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. நன்றாக எரிந்துகொண்டிருக்கும், திடீரென்று தானாக அணைந்துவிடும். பற்றவைத்தால் கொஞ்ச நேரம் எரியும், மறுபடி அணையும். நான் வத்தலகுண்டுக்குப் போன் போட்டு ஜாபரைச் சத்தம் போட்டேன். "என்ன சாமான்யா இது, ஒரு மாசத்துக்குள்ள கெட்டுப்போச்சு!"

"சார், ரூம்ல காத்து குறைஞ்சா அது தானா அணைஞ்சிரும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. துளை ரெண்டும் திறந்திருக்கா?"

"திறந்துதாம்பா இருக்கு."

"ஜன்னல்?"

"அதுவும்தான்."

"அப்ப வேற கோளாறா இருக்கும். நான் வந்து பார்க்கிற வரைக்கும் பத்தவைக்காதீங்க சார். கிறிஸ்மஸ் முடிஞ்ச மறுநாளே வந்துடறேன்."

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் வந்து யாருக்கு லாபம்? நடுவர்கள் வருவது இருபத்தி மூன்றாம் தேதி. நாலு நாள் குளிரில் விட்டால் கேழ்வரகுப் பயிர் மஞ்சளாகப் பழுத்துவிடும். பற்றவைக்கிற குமிழை அழுத்திப் பிடித்தால் கணப்பு எரிந்தது, விட்டால் அணைந்தது. நாள் பூராவும் அழுத்திக்கொண்டு நிற்க முடியுமா? ஒரு பென்சில் துண்டைச் சீவி ஆப்பு மாதிரி செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்கப்புறம் அணையவே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இருபத்தி மூன்று, மத்தியானம் மூன்றரை. ஃபாதரும் நடுவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். ஒரு சிஸ்டர் கேழ்வரகைத் தொட்டுப் பார்த்து, "சார், இது நிஜமா!" என்றார்கள். கால் மணி நேரம் இருந்தார்கள். வேறு எந்த வீட்டிலும் ஐந்து நிமிஷம் தாண்டவில்லை. கிளம்பும்போது நானும் கூடவே ஆசீர்வாதம் வீட்டுக்குப் போனேன். அவர் என்ன செய்திருக்கிறார் என்று பார்க்க வேண்டாமா? சகாயத்திடம், "கதவைச் சாத்திட்டு உள்ளயே இரு, பூனை வந்து வயல்ல படுத்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவள், "நான் கொஞ்சம் வெளிய உட்கார்றேனே" என்றாள். "அரை மணி நேரம்டி" என்றேன்.

அரை மணி இல்லை. ஒன்றேகால் மணி நேரம். ஆசீர்வாதம் இந்தத் தடவை இரண்டு அருவி விட்டிருந்தார். அவர் வீட்டில் கேக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்தால் மலைக்கு முன்னால் தரையில் கிடந்தாள். ஒரு கை கேழ்வரகுத் தட்டில் இருந்தது. கத்தினேன். கணப்பை அணைத்தேன், துளைகளைத் திறந்தேன், அவளைத் தூக்கி வாசலுக்குக் கொண்டு வந்தேன். ஆசீர்வாதம்தான் ஓடி வந்து ஜீப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்த உடனே, "ரூம்ல ஏதாவது எரிஞ்சுதா?" என்று கேட்டார். கேஸ் கணப்பு என்றேன். "காத்து போக வழி இருந்துதா?" என்றார்.

"எல்லாம் திறந்துதான் சார் இருந்துச்சு" என்றேன்.

எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஜாபரிடம் போனில் சொன்ன அதே வார்த்தை வாயிலேயே இருந்திருக்கிறது. டாக்டர் ஆக்சிஜன் வைத்து, மதுரைக்கு அனுப்பினார். பெங்களூரிலிருந்து வந்த ஜெனிட்டாவிடமும் அதையேதான் சொன்னேன். டாக்டரிடம் ஒன்று, மகளிடம் ஒன்று என்று சொல்ல முடியுமா?

ஏழு நாள் ஆஸ்பத்திரி. இப்போது நன்றாக இருக்கிறாள். நீங்களே பார்த்தீர்களே, தனியாக நடந்து போய் முன்னால் உட்கார்ந்தாள். கை கொஞ்சம் நடுங்கும். ஏதாவது பேசும்போது நடுவில் ஒரு வார்த்தை காணாமல் போய்விடும், நின்றுவிடுவாள். சாக்லேட் காய்ச்சுவதை விட்டுவிட்டாள், பதம் பிடிபடவில்லை என்கிறாள். மற்றபடி நன்றாக இருக்கிறாள்.

முதல் பரிசு எனக்குத்தான் சார். அதையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்மஸ் பூசையில் அறிவித்தார்களாம். ஆசீர்வாதமே பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு மதுரைக்கு வந்தார். "சார், நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மனுஷன் அழுவார் என்று நான் நினைக்கவே இல்லை.

ஜெனிட்டா சும்மா இருப்பாளா? அம்மா பெயரில் கடைக்குப் புகார் எழுதினாள், நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகப்போவதாக எழுதினாள். சரியாக மாட்டவில்லை, சாமான் கெட்டுப்போனது என்று போன் பண்ணியும் வரவில்லை என்பது புகார். "அந்த ஆளை விடமாட்டேம்ப்பா" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர் ஜாபரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார். விஷயம் முடிகிற வரைக்கும் அவருக்கு எந்தக் கடையிலும் கேஸ் வேலை கிடையாது.

பிப்ரவரியில் ஒருநாள் ஜாபர் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். சகாயத்துக்கு ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார். "அம்மா, உடம்பு தேவலையா?" என்று கேட்டுவிட்டு, மூலைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி மேல் துளையைப் பார்த்தார். விரலால் சுரண்டினார்.

"சார், இங்க சுத்தி பசை காஞ்சிருக்கே."

"சுண்ணாம்பு அடிச்சப்ப பட்டது" என்றேன்.

ஸ்டூலிலிருந்து இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. சகாயத்தைப் பார்த்து, "அடைக்கக் கூடாதுன்னு உங்ககிட்டயும் சொன்னேனேம்மா. ஞாபகம் இருக்கா?" என்றார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் ஞாபகம் வர்றதில்லப்பா" என்றாள். அவர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அவள் மறந்துவிட்டாள் என்று நானும் நம்பினேன். நம்பினேன் என்றால், அப்படியே இருக்கட்டும் என்று இருந்தேன்.

மறுநாள் காலையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள். "நேத்து நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

"எதை?"

"எனக்கு என்னென்ன மறந்துபோச்சோ தெரியாது. அது மறக்கல. தரையில கிடந்தப்ப கண்ணு திறந்துதான் இருந்துச்சு. கை காலைத்தான் அசைக்க முடியல. நீங்க வந்தீங்க. எம்பேரைச் சொல்லிக் கத்தினீங்க. அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறினீங்க."

நான் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"துணியைக் கிழிச்சுப் போடுவீங்கன்னு பார்த்தேன். ஓரத்துல பசையை நகத்தால எடுத்தீங்க. கிழிக்கல. சுருட்டினீங்க. சுருட்டி, கட்டில் மேல வச்சிட்டு, அப்புறம் எங்கிட்ட வந்தீங்க."

சார், காற்று வேண்டும் என்றால் துளையைத் திறப்பதுதானே முதல் வேலை? அதற்குத் துணியை எடுக்க வேண்டாமா? நான் உள்ளே வந்த கதவு திறந்துதான் கிடந்தது, உண்மைதான். அவளை இழுத்து வாசலில் போட்டிருக்கலாம், நாலடிதான். ஆனால் அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? நட்சத்திரம் எல்லாம் கையால் எழுதினது. முடிவும் அறிவிக்கவில்லை. பிறகு யாராவது வந்து பார்த்தால் துளையை அடைத்தது தெரிந்துவிடும் என்றும் தோன்றியிருக்கலாம். தோன்றியதா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

ஜெனிட்டாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பாதியில் வைத்துவிட்டாள். மறுபடி எடுக்கவில்லை.

புகார் சகாயத்தின் பெயரில் இருக்கிறது. அதை வாபஸ் வாங்க அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். நடந்ததை நான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினேன். முதலில், "காற்றுத் துளை தற்செயலாக மறைந்துபோனது" என்று எழுதினேன். அவள் வாங்கிப் படித்தாள். இப்போதெல்லாம் மெதுவாகத்தான் படிப்பாள். "தற்செயலாவா?" என்றாள். வேறு தாளில் மாற்றி எழுதினேன். பென்சில் துண்டை எழுதவில்லை. "குமிழு எப்படி நின்னுச்சாம், தானாவா?" என்றாள். அதையும் எழுதினேன். ஜாபர் போனில் கேட்டதும், திறந்திருக்கிறது என்று நான் சொன்னதும், டாக்டரிடம் சொன்னதும், மகளிடம் சொன்னதும், எல்லாம் எழுதியாகிவிட்டது. இதோ பாருங்கள், மூன்று பக்கம். ஒரு அடித்தல் கிடையாது.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு மேலே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன், தெரிகிறதா? துணி விஷயம் அங்கே வர வேண்டும் என்கிறாள். "அந்த வரி இல்லேன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள். பஸ் ஏறும்போது, "வத்தலகுண்டு வர்றதுக்குள்ள எழுதிருங்க" என்றாள்.

நீங்கள் சொல்லுங்கள் சார். அந்த வரி கடைக்காரருக்கு எதற்கு? துளையை நான்தான் அடைத்தேன் என்பது தெரிந்தால் ஜாபருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடும். சுருட்டினேனா கிழித்தேனா என்பது அவருக்கு என்ன ஆகப்போகிறது? கடையில் நாலு பேர் நிற்பார்கள், சத்தமாகப் படிப்பார்கள். என்னிடம் படித்த பையன்கள் இரண்டு பேர் அந்தத் தெருவில்தான் கடை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் அவள் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாவிட்டால் புகார் நிற்கும். புகார் நின்றால் ஜாபர் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மூன்று பக்கம் நான் எழுதினதுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

மலையடிவாரத்துக் காட்ரோடு ஸ்டாப் தாண்டிவிட்டோமா? அப்படியானால் இன்னும் கால் மணி நேரம்தான்.

இங்கே பாருங்கள், என் கை நடுங்கவில்லை. ஸ்கேல் இல்லாமல் கரும்பலகையில் நேர்கோடு போட்ட கை. அந்த வரிக்கு மட்டும் போகமாட்டேன் என்கிறது. நீங்கள் எழுதிவிடுங்களேன் சார். இதோ பேனா. வேறு கையெழுத்தாக இருந்தால் பரவாயில்லை, கீழே நான் பெயர் போட்டுவிடுகிறேன். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

"என் மனைவி தரையில் கிடப்பதைப் பார்த்த பிறகு..." ஆமாம், பார்த்த பிறகு. "...நான் முதலில் ஸ்டூல் போட்டு ஏறி, நீலத் துணியை அவசரமாகச் சுருட்டிக் கட்டில் மேல் வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவளைத் தூக்கினேன்."

எழுதிவிட்டீர்களா? கொடுங்கள், பார்க்கிறேன்.

இல்லை சார். "அவசரமாக" என்பதை அடித்துவிடுங்கள். அடித்தல் தெரிந்தால் தெரியட்டும். மெதுவாகத்தான் சுருட்டினேன்.